பிள்ளைகள் தூங்கும் இடம்

கோடை முகாமுக்கு இடம் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, பிள்ளைகள் இரவில் எங்கே படுப்பார்கள் என்பதைத்தான். சமையல் கூடம், கழிப்பறை, விளையாட்டுத் திடல் எல்லாம் அதற்கப்புறம். பகலில் ஆற்றங்கரையில் அறுபது பிள்ளைகள் நின்றால் அறுபது பேருக்கும் கண் உண்டு, ஓடக் கால் உண்டு. இரவு இரண்டு மணிக்கு, பகலெல்லாம் ஓடியாடிய களைப்பில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கண்ணும் காலும் காதும் நாம்தான். பாயை எந்தத் தரையில் விரித்தோம் என்பதிலேயே அந்தப் பிள்ளையின் பாதுகாப்பில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

நான் முகாம் நடத்துவது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கடையம், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில். பள்ளி விடுமுறையில், மே மாதத்தில் நடக்கும். இந்தப் பக்கம் ஆறுகளுக்குக் குறைவில்லை. ராமநதியும் ஜம்புநதியும் கடனா நதியில் சேர்கின்றன. கடனா திருப்புடைமருதூரில் தாமிரபரணியில் கலக்கிறது. மே மாதத்தில் இவற்றைப் பார்க்கிற வெளியூர்க்காரர் யாரும் பயப்படமாட்டார். பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும். வெள்ளை மணல் திட்டு, இரு கரையிலும் மருத மரங்கள், நல்ல நிழல். கூடாரம் அடிக்க இதைவிட இடம் கிடைக்காது என்று தோன்றும். அந்த மணல் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று யோசிப்பவர் அங்கே கூடாரம் அடிக்கமாட்டார்.

மலையடிவாரத்து ஆறுகளின் சுபாவம் இது: நீளம் குறைவு, சரிவு அதிகம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியே புன்னைக்காயல் போய்க் கடலில் சேர ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதில் விழும் சிற்றாறுகளின் ஓட்டம் அதைவிடக் குறுகியது. மலையில் ஒரு பெரிய மழை கொட்டினால் அந்தத் தண்ணீர் அடிவாரத்துக்கு வந்து சேர அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. முகாம் நடக்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உச்சியில் மட்டும் கருத்த மேகம் உட்கார்ந்திருக்கும். ஆற்றுக்கு வேண்டியது அந்த உச்சி மழைதான்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நடந்தது அதுவே. சாரல் காலம் தொடங்கவில்லை. கோடை மழை பெய்துகொண்டிருந்த நாட்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. படிகளில் ஓடி ஏறியவர்கள் தப்பித்தார்கள். நெல்லையிலிருந்து வந்த 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. 'மே மாதத்தில் என்ன வெள்ளம்' என்று சொல்கிற பெற்றோர்களிடம் நான் அந்தத் தேதியைத்தான் சொல்கிறேன்.

இடம் பார்க்கும்போது நானும் என்னோடு வேலை செய்கிற தொண்டர்களும் முதலில் மரங்களை அண்ணாந்து பார்ப்போம். ஆற்றோரத்து மருதத்தின் கிளைக்கவட்டில் காய்ந்த வைக்கோல், கிழிந்த உரச்சாக்கு, பிளாஸ்டிக் தாள், சேலைத் துணி எதாவது சிக்கியிருக்கும். போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அப்புறம் ஊருக்குள் போய் வயதானவர்களைக் கேட்போம். "தொண்ணூத்திரெண்டுல தண்ணி எம்புட்டு தூரம் வந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டால் போதும், எழுந்து கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். 1992 நவம்பர் வெள்ளம் இந்தப் பகுதியில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோர் நினைவிலும் இருக்கிறது. எந்தக் களத்துமேடு தப்பியது, எந்தத் தோப்பில் படகு விட வேண்டியிருந்தது, எந்தத் தெரு ஆட்கள் கோயில் மண்டபத்தில் ஏறி நின்றார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். வரைபடமும் பார்ப்போம், செல்போனில் கடல்மட்ட உயரமும் பார்ப்போம். ஆனாலும் மூன்று பெரியவர்கள் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அதை நான் எந்தக் கருவியையும்விட நம்புகிறேன். அந்த இடத்துக்கு மேலே, அதற்கும் நன்றாக மேலே, பாய் விரிப்போம்.

இன்னொன்றும் உண்டு. சின்னப் பிள்ளைகள் எல்லோரையும்விட உயரமான இடத்தில் படுக்க வேண்டும். பெரிய பையன்களுக்கு ஆறு பார்த்த அறை வேண்டுமென்று ஆசை இருக்கும். இருக்கிற கட்டடங்களில் சற்றே தாழ்ந்தது அவர்களுக்கு. எட்டு வயது, ஒன்பது வயதுக் கூட்டத்துக்கு மேட்டில் இருக்கும் கட்டடம். தொண்டர்கள் எல்லோருக்கும் கீழே.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், குவாடலூப் ஆற்றங்கரையில் நடந்தது. முகாம் நடத்துகிற எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், அதைப் படிக்காமல் இருக்கக்கூடாது. அந்த மாநிலத்தின் நடுப்பகுதியில் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் நிறைந்த வட்டாரம் ஒன்று இருக்கிறது. மேல்மண் மெல்லியது. மழைத் தண்ணீரை உறிஞ்சாது, வழித்து ஆற்றில் தள்ளிவிடும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வந்து மோதினால் சில மணி நேரத்தில் பல மாத மழை கொட்டிவிடும். திடீர் வெள்ளத்துக்குப் பேர்போன நிலம். அதே ஆற்றங்கரையில்தான் நூறாண்டாகப் பிள்ளைகளின் கோடை முகாம்களும் நடந்துவருகின்றன. காரணம் நமக்குப் புரியாததல்ல. கோடையில் பிள்ளைகளுக்கு ஆற்றைப்போல இன்பம் தருவது வேறொன்றில்லை.

2025 ஜூலை 4 விடியற்காலை, ஹன்ட் என்ற சிற்றூருக்கு அருகே குவாடலூப் ஆறு சுமார் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. 1926இல் தொடங்கப்பட்ட கேம்ப் மிஸ்டிக் என்னும் சிறுமிகள் முகாமில் 27 பேர், முகாமுக்கு வந்த சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களும், இறந்தார்கள். முகாமின் இயக்குநரும் இறந்தார். அந்தப் பகுதி முழுவதும் சேர்த்து 130க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மிகச் சிறிய பிள்ளைகள் தூங்கிய குடில்கள் ஆற்றை ஒட்டி இருந்தன. முந்தைய நாள் பிற்பகலிலேயே வானிலைத் துறை வெள்ளம் வரலாம் என்று கவனிப்பு அறிவிப்பு கொடுத்திருந்தது. நள்ளிரவு தாண்டி 1.14 மணிக்கு எச்சரிக்கை வந்தது. 4.03 மணிக்கு அதற்கும் மேற்பட்ட உச்சநிலை எச்சரிக்கை. எல்லாமே பிள்ளைகள் தூங்குகிற நேரம். மலை இடுக்குகளில் செல்போன் அலை எட்டாத இடங்கள் பல.

அதே இரவு, அதே ஆற்றங்கரையில், மோ-ரான்ச் என்ற இன்னொரு முகாம் மையத்தில் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே கட்டடங்களைப் பராமரிக்கும் ஊழியர் ஒருவர் இரவு ஒரு மணிவாக்கில் ஆறு ஏறுவதைப் பார்த்தார். மேலே இருந்தவர்களுக்குச் சொன்னார். ஆற்றோரக் கட்டடத்தில் தங்கியிருந்த சுமார் 70 பேரை, பிள்ளைகளையும் பெரியவர்களையும், எழுப்பி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மனிதர் விழித்திருந்தார், பார்த்தார், சொன்னார். கேட்டவர்கள் தாமதிக்கவில்லை. நான் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில், இந்த வேலையின் உயிர்நாடி அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். விழித்திருக்க ஆளை வைத்துவிடலாம். அந்த ஆள் சொன்னால் உடனே எழுந்திருக்கும் முகாமை உருவாக்குவதுதான் கடினம்.

எங்கள் முகாமில் இரவுக் காவலுக்கு இரண்டு பேர், இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு மாற்று. ஆற்றில், டார்ச் அடித்தால் தெரிகிற பாறை ஒன்றில், வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு போட்டிருக்கிறோம். அரை மணிக்கொரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் நோட்டில் எழுதுவார்கள். மஞ்சளைத் தொட்டால் என்னை எழுப்புவார்கள். சிவப்பைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நேரே மணியை அடிக்கலாம். காவலுக்கு நிற்பவர் கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளையாக இருக்கும். முகாமில் அதைவிட மூத்தவர்கள் பத்துப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு எங்கள் எல்லோரையும் எழுப்பும் அதிகாரம் உண்டு. 'ஒன்றுமில்லாததற்கு எழுப்பிவிட்டாயே' என்று யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. வீணாக எழுப்பிய இரவில் சுக்குக் காப்பி போட்டு எல்லோரும் குடித்துவிட்டுப் படுப்போம். எழுப்பியவருக்கு முதல் தம்ளர். ஒரு தடவை முகம் சுளித்தால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை தயங்கும். தயங்கும் பத்து நிமிடத்தில் ஆறு என்ன செய்யும் என்பதற்கு ஹன்ட் ஊரே கணக்கு.

கோட்டைப் பார்ப்பதோடு காதும் மூக்கும் வேண்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாகும். சருகும் சுள்ளியும் நுரையும் சேர்ந்து மிதந்து வரும். இரைச்சலின் சுதி மாறும். கல்லுருளும் சத்தம் அடியில் கேட்கும். பச்சை மண் வாடை அடிக்கும். இதில் ஒன்று தென்பட்டாலும் ஆற்றில் இருப்பவர்கள் அப்படியே ஏற வேண்டும், செருப்பை எடுக்கக்கூட நிற்கக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பாடமாக அல்லாமல் ஆற்றிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாம் நாள் அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணீரில் ஓர் இலைக்கொத்து மிதந்து வந்தால் "அக்கா, சருகு வருது" என்று கத்துகிற பிள்ளையை நான் ஒருபோதும் சிரித்து அனுப்பியதில்லை.

மணி அடித்த பிறகு எங்கே போவது என்பதிலும் ஒரு பழைய துயரம் பாடம் சொல்கிறது. அதே குவாடலூப் ஆறு, 1987 ஜூலை 17. கம்ஃபர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய முகாம். வெள்ளம் வருகிறதென்று பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். வழியில் தண்ணீர் பேருந்தை மறித்தது. 43 பேரில் 10 இளம்பிள்ளைகள் இறந்தார்கள். கொண்டுபோனவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் ஆற்றோர முகாமிலிருந்து வெளியேறும் சாலை பெரும்பாலும் ஆற்றை எங்காவது கடந்துதான் போகும். நம் பக்கமும் அப்படியே. மலையடிவாரத்து ஊர்களுக்குத் தரைப்பாலம் இல்லாமல் வழி குறைவு. முகாமுக்குள் வெள்ளம் வருவதற்கு முன்பே தரைப்பாலம் மூழ்கிவிடும்.

ஓடும் தண்ணீரின் பலத்தை நம்மில் பலர் குறைவாகவே மதிப்பிடுகிறோம். வேகமாகப் பாயும் தண்ணீர் அரை அடி இருந்தால் வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். ஓரடி தண்ணீர் சிறிய காரை மிதக்கவைக்கும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். 'முழங்கால்தானே' என்று சொல்லி இறங்குபவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே எங்கள் திட்டத்தில் வண்டியே கிடையாது. முகாமிலிருந்து நடந்து ஏறும் மேடுதான் அடைக்கலம். ஆற்றையோ ஓடையையோ எங்கும் கடக்காத வழி. அந்த வழியைப் பகலில் பார்த்தால் போதாது. முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, நன்றாக இருட்டிய பின், எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஏறுவோம். சின்னப் பிள்ளைகள் முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள், ஆளுக்கொரு முடிச்சு. முன்னால் ஒரு தொண்டர், பின்னால் ஒருவர், நடுவில் இருவர். மேலே போய் நட்சத்திரம் பார்ப்போம், ஒரு கதை சொல்வோம், இறங்குவோம். பிள்ளைகளுக்கு அது முகாமின் முதல் இரவு விளையாட்டு. கால் அந்த வழியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

தலை எண்ணுவது பற்றிச் சொல்ல வேண்டும். இருட்டில், மழையில், அழுகைக்கு நடுவே விரல் நீட்டி எண்ணினால் எண்ணிக்கை தவறும். எங்கள் முகாமில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். நான் குரல் கொடுக்கமாட்டேன், அவர்களே வரிசையாகச் சொல்ல வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. இடையில் மௌனம் விழுந்தால் அந்த எண்ணின் சோடி கையைத் தூக்கும். சோடிகள் முகாம் முழுக்க மாறுவதில்லை. சாப்பிடும்போது, ஆற்றுக்குப் போகும்போது, திரும்பும்போது, படுக்கும் முன் என்று ஒரு நாளில் பல தடவை எண்ணுவதால், ஆபத்து நேரத்தில் அது புதிய வேலையாக இருக்காது. பெயர்ப்பட்டியல் மூன்று படிகள். பெற்றோர் எண், மருந்து, ஒவ்வாமை எல்லாம் எழுதியது. ஒரு படி என்னிடம், ஒன்று சமையல் செய்யும் சித்தியிடம், ஒன்று மேட்டில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்த தகர டிரம்முக்குள். அந்த டிரம்மில் தார்ப்பாய், அவல், வெல்லம், குடிதண்ணீர், டார்ச் பேட்டரி, இழுப்புக்காரப் பிள்ளைகளுக்கான இன்ஹேலர், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், முதலுதவிப் பெட்டி இருக்கும். செருப்பு ஒவ்வொரு பிள்ளையின் தலைமாட்டிலும் இருக்க வேண்டும். படுக்கப் போகும் முன் நானே வரிசையாகப் பார்ப்பேன்.

பெற்றோர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மலையில் மழை என்று செய்தியில் பார்த்த அப்பா நடு இரவில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். யார் தடுத்தாலும் நிற்கமாட்டார். எந்த அப்பாவும் நிற்கமாட்டார். வழியில் தரைப்பாலம் இருக்கிறது. முகாமில் பிள்ளை பத்திரமாக மேட்டில் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருக்கும், ஆபத்து அப்பாவுக்குத்தான். அதனால் சேர்க்கும் நாளிலேயே பெற்றோர்களை உட்காரவைத்துப் பேசுகிறோம்: ஆறு ஏறினால் பிள்ளைகள் மேட்டில் இருப்பார்கள், ஏறிய உடனே உங்களுக்குத் தகவல் வரும், சாலை திறந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லும்வரை வராதீர்கள். போன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நெல்லையிலும் தென்காசியிலும் இரண்டு பெற்றோர்களைத் தொடர்புக்கு வைத்திருக்கிறோம். முகாமிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அவர்களுக்குப் போனால் போதும், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்வார்கள். 1077 என்ற மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண்ணையும் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள்.

இவ்வளவும் முகாமுக்குள் செய்யும் ஏற்பாடு. வேலிக்கு வெளியே இருப்பவர்கள் இல்லாமல் இதில் பாதி பலிக்காது என்பது என் அனுபவம். ஆற்றின் செய்தி மேலேயிருந்து வருகிறது. அணைக் காவலுக்கு இருப்பவர், மலையடிவாரத்தில் கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர், சிவசைலம் பக்கத்தில் அதிகாலை நான்கு மணிக்குக் கடை திறக்கும் டீக்கடை அண்ணாச்சி ஆகியோர் எங்களுக்கு முன்பாக ஆற்றைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய எண்கள் எங்களிடம் இருக்கின்றன. எப்போதும் இரண்டு எண்ணாவது வேறு வேறு நிறுவன சிம்மாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம், ஒரு கோபுரம் விழுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

எண் வாங்குவது ஒரு நிமிட வேலை. அந்த மனிதர் மழை இரவில் ஆறு சிவந்து வருவதைப் பார்க்கும்போது, 'கீழே பிள்ளைகள் இருக்கிறார்களே' என்று அவருக்கு ஞாபகம் வர வேண்டும். அதற்கு வருஷம் முழுவதும் வேலை இருக்கிறது. முகாமுக்கு வேண்டிய அரிசி, பால், காய், வாழைத்தார் எல்லாம் ஆற்றின் மேற்பக்கத்து ஊர்களிலிருந்தே வாங்குகிறோம். நெல்லையில் மொத்த விலைக்குக் கிடைத்தாலும் அங்கே வாங்குவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் முகாமில் கட்டணமில்லாமல் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போகிறோம், மரணத்துக்கும் போகிறோம். ஏப்ரல் மாதம் அந்த ஊர்கள் முழுக்க ஒரு தடவை நடந்து, எண் மாறியிருக்கிறதா, ஆள் மாறியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவோம். டெக்சாஸ் செய்தியிலும் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. 1987இல் அந்தப் பேருந்துத் துயரத்தைக் கண்ட அதே கம்ஃபர்ட் ஊர், தன் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் முயற்சியில் வெள்ளச் சங்கு அமைத்து வைத்திருந்தது. 2025 ஜூலை 4 அன்று அந்தச் சங்கு ஊதியது. அந்த ஊரில் ஒருவரும் இறக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு சட்டம் கொண்டுவந்து, வெள்ளம் பாயும் என்று வரையறுத்த நிலத்தில் பிள்ளைகள் தூங்கும் குடில் இருக்கக்கூடாது, எச்சரிக்கை ஏற்பாடும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. நல்ல சட்டம். நம் நாட்டிலும் கோடை முகாம்களுக்கு இப்படித் தெளிவான விதிகள் எழுதப்பட வேண்டுமென்று நான் விரும்புகிறேன்.

மேலே இருப்பவர்கள் நமக்குச் சொல்வதுபோல, கீழே இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டும். இதில் எல்லோரும் மறந்துபோகிற சிலர் உண்டு. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டத்தோடு தங்கியிருக்கும் வாத்துக்காரர்கள். சூளையில் வேலை செய்கிற வெளியூர்க் குடும்பங்கள். பாலத்தடியில் சாக்குப் பந்தல் போட்டிருப்பவர்கள். தண்டோரா போட்டாலும் ஊருக்குள்தான் போடுவார்கள். இவர்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் இவர்கள் இல்லை. முகாம் தொடங்கும் முன் ஆற்றோரமாக ஒரு நடை போய் இப்படித் தங்கியிருப்பவர்களைப் பார்த்துப் பேசி எண் வாங்கி வைத்துக்கொள்கிறோம். சிவப்புக் கோட்டுக்கு மணி அடித்தால், பிள்ளைகளை ஏற்றி எண்ணி முடித்த உடனே ஒரு தொண்டரின் ஒரே வேலை அந்த எண்களுக்குப் பேசுவது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழைதான் எங்களுக்கு இதில் பெரிய பயிற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவதை வைத்து ஆற்றை அளக்கிற நெல்லைக்காரர்களுக்கே அந்தத் தண்ணீர் புதிது. நகரத்துக்குள் பேருந்து நிலையம் வரை வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். இருப்புப்பாதைக்கு அடியில் மண்ணே அரித்துக்கொண்டு போய்விட்டது. சாலைகள் துண்டிக்கப்பட்ட நிலையில் வெளியுதவி வந்துசேர நேரமாயிற்று. அதற்கு முன்பே பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள், தாங்களும் வெள்ளத்தில் இருந்துகொண்டே, தங்கள் வீட்டு அரிசியை எடுத்துச் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். நான் படித்த வெள்ளச் செய்திகளிலேயே என்னைத் தூக்கி நிறுத்திய செய்தி அது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அரிசி இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, பசித்தவர்கள் எதிரே இருக்கிறார்கள், அவ்வளவே காரணம்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் எங்கள் தொண்டர்கள் தாமிரபரணியின் கீழ்க்கரையில், பள்ளிக்கூடங்களில் நடந்த நிவாரண முகாம்களுக்குப் போனார்கள். பெரிய அண்டாவில் சமைக்கத் தெரிந்தவர்கள், பதிவேடு எழுதத் தெரிந்தவர்கள். அது உதவியது. ஆனால் அங்கே எங்களால் மட்டும் செய்ய முடிந்த வேலை ஒன்று இருப்பது முதல் நாள் பிற்பகலில் புரிந்தது. பெண்கள் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும், சேற்றை அள்ள வேண்டும், ரேஷன் கார்டு தேட வேண்டும். பிள்ளைகளை எங்கே விடுவது? கூடவே கூட்டிப்போனால் இடிந்த சுவர், அறுந்த மின்கம்பி, சேற்றுக்குள் பாம்பு. விட்டுவிட்டுப் போனால் மனம் கேட்காது. ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கிப் பாய் விரித்தோம். கோடை முகாமில் செய்வதையே செய்தோம்: எண் கொடுத்தல், சோடி சேர்த்தல், மணிக்கொரு தரம் எண்ணுதல், பாட்டு, கதை, களிமண். கொண்டுவந்து விடும் அம்மாவோ ஆச்சியோ கையெழுத்துப் போட வேண்டும், அதே ஆள்தான் வந்து கூட்டிப்போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லி வந்தாலும் பிள்ளையைக் கொடுப்பதில்லை. இதில் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கூட்டத்திலும் குழப்பத்திலும் பிள்ளை காணாமல் போவது எளிது என்பதால் அந்த விதியில் நாங்கள் இளகவில்லை.

பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பேசவைக்க முயலக்கூடாது என்பதையும் அங்கே உறுதியாகக் கடைப்பிடித்தோம். என்ன பார்த்தாய், பயந்தாயா என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள், சிலர் செல்போனையும் நீட்டுவார்கள். கதவருகே ஒருவரை நிறுத்தி அதைத் தடுத்தோம். களிமண்ணை எதிரே வைத்துவிட்டு நாமும் உருட்டிக்கொண்டிருந்தால் போதும். சில பிள்ளைகள் இரண்டாம் நாள் வீடு செய்தார்கள், அதன் மேல் மண்ணைக் கொட்டினார்கள், மறுபடி செய்தார்கள்.

நிவாரணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வண்டி நிற்கிற இடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ரோட்டடித் தெருவுக்கு ஒரே நாளில் மூன்று தடவை பொட்டலம் போகும். வாய்க்காலைத் தாண்டி இருக்கிற தாழ்ந்த தெருவுக்கு மாலைவரை ஒன்றும் போயிருக்காது. ஆற்றுக்கு மிக அருகில், மிகத் தாழ்வில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள், வேறு இடத்தில் குடியிருக்க விடப்படாதவர்கள். வெள்ளம் அவர்களிடம் முதலில் வருகிறது, உதவி கடைசியில். ஆகவே நாங்கள் தெருவின் கடைசி வீட்டிலிருந்து பதிவேட்டைத் தொடங்கினோம். இரண்டாம் நாளுக்குப் பிறகு பொட்டலச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அடுப்பு, அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். தெருப் பெண்களே சேர்ந்து சமைத்தார்கள். தாங்கள் வைத்த குழம்பைச் சாப்பிட்ட அன்றைக்குத்தான் முகத்தில் தெளிச்சி வந்தது. கிணற்றுக்குக் குளோரின் போடுவது, எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதிருப்பது, சுவர் ஈரம் காயும்வரை சுவிட்சைத் தொடாதிருப்பது, நனைந்த பாடப்புத்தகத்தைத் தாள்தாளாகப் பிரித்து நிழலில் காயவைப்பது என்று சின்னச் சின்ன வேலைகளில் வாரங்கள் போயின. முன்பு எங்கள் கோடை முகாம்களுக்கு வந்து, இப்போது கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் அந்த வாரங்களில் தாமாக வந்து நின்றார்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகும், பழைய குற்றாலத்துக்குப் பிறகும், டெக்சாஸ் செய்திக்குப் பிறகும் சில பெற்றோர்கள் கேட்டார்கள்: முகாமை ஆறில்லாத இடத்துக்கு மாற்றிவிடலாமே? கேள்வியின் பின்னால் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஆற்றோடுதான் வாழப்போகிறார்கள். நீந்தத் தெரியாத, கலங்கலைப் பார்த்தால் விலகத் தெரியாத பிள்ளை, எங்கள் முகாமுக்கு வராவிட்டாலும் என்றாவது ஒரு நாள் நண்பர்களோடு படித்துறைக்குப் போகும். அப்போது கூட ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆற்றில் பகலில் இறங்கலாம். இரவில் ஆற்றிலிருந்து தூரத்தில், உயரத்தில் தூங்க வேண்டும். முகாமின் ஏற்பாடெல்லாம் அந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்காகத்தான்.

இப்போது ஒவ்வொரு முகாமிலும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். நான்கு நான்கு பேராகப் பிரிந்து ஊர்த் தெருக்களுக்குப் போய், வயதானவர்களிடம் 1992லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, வீட்டுக்காரர் சம்மதித்தால் சுவரில் நீலச் சாயத்தால் கோடு போட்டு வருஷத்தை எழுத வேண்டும். ஊர்க்காரர்களுக்கு ஆரம்பத்தில் இது விளையாட்டாக இருந்தது. பிறகு தாங்களே கூப்பிட்டு "எங்க வீட்லயும் போடுங்கலே" என்று சொன்னார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்திலும் ரேஷன் கடையிலும் இப்போது கோடு இருக்கிறது. நாங்கள் வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தின் பின்சுவரிலும் பிள்ளைகள் போட்டார்கள். அந்தப் பக்கமாக விறகு கொண்டுபோன ஆச்சி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கோடு கீழ கெடக்கு தாயி, நான் இந்த ஜன்னக் கட்டையப் புடிச்சுக்கிட்டுல்லா நின்னேன்" என்று கை வைத்துக் காட்டினார். பிள்ளைகள் போட்டதைவிட முக்கால் முழம் மேலே இருந்தது. ஊருக்குள் இன்னும் இருவரைக் கேட்டோம், ஆச்சி சொன்னதையே சொன்னார்கள். கோட்டை அழித்து அவர் கை வைத்த இடத்தில் போட்டோம். அன்று சாயங்காலமே பத்து வயதுப் பிள்ளைகளின் பாய்களை அந்தக் கட்டடத்திலிருந்து மேட்டுக் கட்டடத்துக்கு மாற்றினோம்.